படுத்திருந்த கோடு

அத்தியாயம் 5

என் வழுக்கைத் தலைக்குப் பயந்து நாற்பது மணல் லாரிகள் ஆற்றைவிட்டு ஓடிய கதையை மெராபி மலையடிவாரத்தில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருபதுதான் என்று சிலர் குறைப்பார்கள். பொறாமைக்காரர்கள்.

நடந்தது இதுதான். ஆற்றின் மேல்கட்டில், தடுப்பணைக்குக் குறுக்கே போட்ட இரும்புச் சட்டத்தில் ஒரு சென்சார் தலைகீழாகத் தொங்குகிறது. வௌவால் மாதிரி கீழே ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டு, தண்ணீர் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று கணக்குச் சொல்லும். ரயில் நிலைய ஒலிபெருக்கியில் ஆயுள் முழுவதும் கத்தி ஓய்வுபெற்ற குஸ்னனாகிய நான், ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தச் சென்சாருக்கு நேர் கீழே என் மண்டையைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேல, பாக் குஸ்!" காதில் செருகிய கைபேசியில் இபு நிங்கின் குரல். "ஆடாம நில்லுங்க."

"ஆடறது நான் இல்ல இபு. ஏணி. ஏணி ஆடறதுக்கு என் முட்டிதான் காரணம்னா அதுக்கு நான் என்ன பண்ண?"

"பேசாதீங்க. உங்க தலை கிராஃபில வந்துடுச்சு. ஜோரா ஏறுது."

"தலை ஏறினா சந்தோஷம். ஆள் இறங்கலாமா?"

பதில் வருவதற்குள் பள்ளத்தாக்கு முழுக்க ரேடியோக்கள் அலறின. "மேல வருது! லஹார் வருது! கரையேறு, கரையேறு!" எரிமலைச் சேறு வருகிறது என்று நினைத்து, கீழே ஆற்றுக்குள் நின்ற லாரிகள் மணலை அப்படியே கொட்டிவிட்டு, குட்டி ஆடுகள் மாதிரி மேட்டில் தாவின. என் தலையை அந்த அளவுக்கு மதித்தவர்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இபு முர்தானிங்சியை, அதாவது இபு நிங்கை, தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களில் பெண்ணை இபு, ஆணைப் பாக், இளைஞனை மாஸ், அண்ணனைக் காங் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை. தேர்வுத் துறையில் ஆய்வாளராக இருந்தவர். காப்பி அடித்த விடைத்தாளை மோந்து பார்த்தே பிடிப்பார். ஓய்வுக்குப் பிறகு யோக்யகர்த்தாவில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளன். சம்பளம், மதியம் பலாக்காய்க் குழம்புச் சோறு.

இந்த வழக்கு மர்சுடியின் கண்ணீரில் மிதந்து எங்கள் மாடிக்கு வந்தது. நாற்பது வயதுக்காரன். கைபேசி ரிப்பேர் கடை, ஒரு மணல் லாரி. அவனுடைய அண்ணன் சாதிமின்தான் ஆற்றங்கரைக் கண்காணிப்புக் குடிலின் காவலர். குடிலில் ஒரு கணினித் திரை, ஒரு ரேடியோ, கூரையில் தொங்கும் ஒரு மர முரசு. திரையில் கோடு நிமிர்ந்தால் முரசை அடிக்க வேண்டும். அடித்தால் ஆறு காலியாகும். இவ்வளவுதான் வேலை. இவ்வளவையும் சாதிமின் எத்தனையோ மழைக்காலம் தப்பாமல் செய்தார்.

ஒரே ஒரு பிற்பகல், முரசு ஒலிக்கவில்லை. சேறு வந்தது. லாரிகள் தீப்பெட்டியாக உருண்டன. பைஜோ என்ற டிரைவரின் இரண்டு கால்களும் நசுங்கி, அப்போதும் ஆஸ்பத்திரியில் கிடந்தான். சாதிமின் தூங்கிவிட்டார் என்றது ஊர். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், கோடு தரையோட தரையா படுத்திருந்தது" என்றார் சாதிமின். கோட்டைக் காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அன்றைய கோடு தென்னைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது; சென்சார் குறித்த நேரமோ பிற்பகல் அஸர் தொழுகைப் பாங்குக்கு முன்னால். கோடு பொய் சொல்லுமா?

நான் ஏணியில் ஏறிய அன்று மாலை ஊர்மன்றத்தில் கூட்டம். குடிலைப் பறித்து, ஆளைப் போலீசில் ஒப்படைப்பதாகப் பேச்சு.

"எங்க காங் எனக்கு அப்பா மாதிரி இபு," என்று அழுதான் மர்சுடி. "அவர் தூங்கலன்னு நிரூபிச்சுக் குடுங்க. ஒருவேளை தூங்கினதுதான் நெசம்னா, அதையும் பதமா சொல்லுங்க. மனுசன் தாங்கமாட்டார்." நான் இபுவின் கைக்குட்டையை வாங்கி என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் கைபேசி வேறு அன்று பழுது. அழுதுகொண்டே அதையும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தான். இப்படி ஒரு தம்பி நமக்கு வாய்க்கவில்லையே என்று நான் என் சொந்தத் தம்பிகள் நான்கு பேரையும் மனசுக்குள் திட்டினேன்.

ஏணிக்கு முன்னால், அன்று காலையில் சாதிமினை வீட்டில் பார்த்தோம். ஜன்னலைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"முழிச்சிருந்த மாதிரிதான் இருக்கு இபு," என்றார். "ஆனா டீ கொண்டுவந்த தம்பி சுடி, என் கண்ணு மூடியிருந்துச்சுன்னு சொல்றான். ஊர்க்காரங்க கால்ல விழுந்து, 'கெழவர் அசந்துட்டார், மன்னிச்சிடுங்க'ன்னு கெஞ்சினான். அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்? நான்தான் தூங்கியிருப்பேன். தூங்கறவனுக்குத் தான் தூங்கறது தெரியுமா?"

அவர் மனைவி மிஸினெம் அடுப்படியிலிருந்தே கத்தினாள். "இவரா தூங்கினவரு? கல்யாணத்தன்னிக்கு ராத்திரிகூட மழை வருதான்னு பாக்க வெளிய போன மனுசன்!"

*

சேற்றோடும் சிராய்ப்போடும் நான் குடிலுக்கு வந்து சேர்ந்தபோது, காலி நாற்காலியில் தற்காலிகக் காவலனாக மர்சுடி இருந்தான். இபு நிங் திரைக்கு முன்னால், வெற்றிலை போட்ட திருப்தியோடு நின்றார். ரேடியோவில் யாரோ என் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இபு இந்த இனிய குரல்?"

"துகிமான். மணல் அள்ளுறவங்களுக்கெல்லாம் தலைவர். உங்க தலைய வெட்டி சென்சார்லயே தொங்க விடப் போறாராம்."

"இருக்கட்டும். நான் சாகறதுக்கு முன்னாடி, எதுக்காக ஏறினேன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"கோட்ட விடுங்க. படத்தோட இடது ஓரத்தில எண்ணு போட்ட சுவரு இருக்கே, அதப் பாருங்க."

அந்த இணையப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ச்சேவைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள் எழுதி வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல் அது. மொத்தமே ஒரு தாள் கொள்ளும். சென்சார் தன் எண்களை நேரத்தோடு ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கும். யாராவது பக்கத்தைத் திறந்தால் சர்வர் ஸ்கிரிப்டைத் தட்டி எழுப்பும். அது எழுந்து எண்களை வாசித்து, கோடு கிழித்து, படமாக அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடும். கேட்கும்போதெல்லாம் புதுப்படம். ஒரே குறை, படத்தின் கீழே மணி நேரம் எழுத அந்தப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள். இன்னொரு குறை, பாஸ்வேர்டைக் குடில் சுவரிலேயே ஒட்டிவிட்டார்கள். 'யாரிடமும் சொல்லக் கூடாது' என்ற எச்சரிக்கையோடு.

"இது நீங்க ஏறறதுக்கு முன்னாடி எடுத்த படம்," என்றார் இபு. இடது பக்கத்தில் தரையிலிருந்து உச்சிக்கு ஒரே ஒரு மீட்டர். கோடு அதற்குள் நெளிந்தது. "இது ஏறின பிறகு." இப்போது ஆறு மீட்டர் வரை எண்கள். கோடு அடியிலிருந்து கிளம்பி உச்சியைத் தொட்டது.

"என் தலை அஞ்சாறு மீட்டரா இபு?"

"தலை இருந்த இடம் அவ்வளவு. தலைக்குள்ள என்ன இருக்குன்னு சென்சாருக்குத் தெரியாது." சிரிக்காமல் தொடர்ந்தார். "ஸ்கிரிப்ட் மொதல்ல எல்லா எண்ணையும் படிச்சு, இதுல நெட்டையன் யாருன்னு பாக்குது. அவன் தலை இடிக்காத மாதிரி சுவர் எழுப்புது. சுவர் எழுப்பின பிறகுதான் கோடு போடுது. குள்ளனுங்க மட்டும் வந்த நாள்ல குட்டைச் சுவர். ராட்சசன் வந்தா மாளிகை. சரியா? இப்ப பைஜோ படத்தப் பாருங்க."

அந்தப் படத்தை ஊரே பார்த்திருந்தது. விபத்தன்று அஸர் பாங்கு கேட்ட நேரத்தில், ஆற்றுக்குள் நின்றபடியே பைஜோ தன் கைபேசித் திரையைப் படமெடுத்து டிரைவர்கள் குழுவில் போட்டிருந்தான். 'ஆறு தூங்குது, அள்ளுங்கடா!' என்று எழுதி. கோடு படுத்துக் கிடந்தது. சாதிமினுக்கு அதுதான் ஒரே சாட்சி. ஆனால் ஊர் அதைத் தள்ளிவிட்டது. ஆற்றுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், கைபேசி எப்போதோ திறந்த பழைய பக்கத்தையே காட்டியிருக்கும் என்றார்கள்.

இபுவின் விரல் இடது ஓரத்தில் கீழிருந்து மேலே ஏறியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

படுத்திருந்த கோட்டுக்கு மேலே, வெட்டவெளியாக, அவ்வளவு பெரிய வானம்!

"பழைய பக்கம்னா குட்டைச் சுவர்தானே இருக்கணும்?" என்றார் இபு. "இங்க மாளிகையே கட்டியாச்சு. அப்ப ராட்சசன் மேல அணையத் தாண்டிட்டான். ஸ்கிரிப்ட் அவன எண்ணியும் பாத்துடுச்சு. ஆனா கோடு போடற நேரத்தில மட்டும், 'இவன வரையாதே'ன்னு யாரோ அதுங்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க. சொன்னவங்க சுவர மறந்துட்டாங்க."

"பந்தியில ஆளைத் துரத்திட்டு, இலைய எடுக்க மறந்த கதை!" என்றேன் நான்.

மர்சுடியின் முகம் வெளுத்தது. "அல்லாஹ்! அப்ப வேணும்னே யாரோ…" எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அண்ணன் பாசம் என்று நினைத்து நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அப்புறம் பழையபடி மாத்தி வச்சுட்டாங்க. அதான் இப்ப பக்கத்தில உண்மை நிக்குது," என்றார் இபு. "யாருக்கு இதில ஆதாயம், மாஸ் மர்சுடி?"

"முரசு அடிச்சா வேலை நின்னுடும் இபு. பாதி நாள் சென்சார் வாய்க்கு நேரா வாலாட்டிக் குருவி வந்து உக்காந்தாலே கோடு எகிறும், எல்லாரும் ஓடணும். ரொம்பக் கத்தறவரு துகிமான்தான். அவரோட அக்கா மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் சொன்னதா சொல்லாதீங்க," என்றான்.

"குழுவில தினம் வந்த படமெல்லாம் உங்ககிட்ட இருக்கா?"

அவன் கை ஒரு கணம் பையில் நின்றது. பிறகு, "இருக்கு, எல்லாத்தையும் அனுப்பிடறேன்," என்றான். "காங்குக்கு நல்லது நடந்தா போதும்."

"இப்போதைக்கு உங்க அண்ணன்கிட்ட எதுவும் சொல்லாதீங்க," என்றார் இபு. "அரை உண்மை நல்லதில்ல. முழுசா குடுப்போம்."

*

பாலத்தடியில் இருந்த காப்பிக்கடையில் உட்கார்ந்து, சோயாவில் செய்த தெம்பே பொரியலை நான் காலி செய்ய, படங்களை இபு காலி செய்தார். மழைக்காலம் முழுவதும் தினமும் ஒரு படம். எல்லாவற்றையும் புரட்டி, கோடு படுத்தும் வானம் உயர்ந்தும் இருந்தவற்றை மட்டும் பொறுக்கினார். மற்ற நாட்களில் குருவி உட்கார்ந்தாலும் கோடு ஒழுங்காக எகிறியிருந்தது. மறைப்பு சில நாட்களில் மட்டும்.

"கிழமைய வாசிங்க."

"திங்கள். அப்புறம் ஒரு சனி. ஒரு வியாழன். அப்புறம் செவ்வாய், விபத்து நடந்த நாள்." நான் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தேன். "ஒழுங்கே இல்லாத திருடன் இபு. ரயில்வேயில இவனுக்கு வேலை கிடைக்காது."

"குருவி வராத நாள்ல மறைச்சிருந்தாலும் நமக்குத் தெரியாது. வந்த நாள் மட்டும்தான் கண்ணுல படுது. இருந்தாலும் ஒரு தாளம் இருக்கும். திருட்டுக்கும் சோம்பேறித்தனம் உண்டு." கடைச் சுவரில் சோப்பு விற்கும் நடிகை சிரிக்கும் காலண்டரைப் பார்த்தபடியே, சம்பந்தமில்லாமல் கேட்டார். "பாக் குஸ், நீங்க பொறந்தது என்ன நாள்?"

"சனிக்கிழமை. சனி வாகே. அதனாலதான் எனக்குப் பிடிவாதம் அதிகம்னு என் மாமியார்…"

"திரும்பச் சொல்லுங்க."

"மாமியார்?"

"நாளு!"

"சனி வா…கே." சொல்லும்போதே நானும் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

கைபேசிக்கு ஏழு நாள்தான் தெரியும். எங்களுக்கு அதோடு ஐந்து நாள் சந்தை வாரமும் உண்டு. லெகி, பாஹிங், போன், வாகே, கிளிவோன். காலண்டரில் தேதிகளுக்குக் கீழே எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்கும். இபு எழுந்துபோய் நடிகையின் முழங்காலில் விரலை வைத்துத் தேதி தேதியாக நகர்த்தினார். அந்தத் திங்கள், வாகே. அந்தச் சனி, வாகே. வியாழன், வாகே. விபத்து நடந்த செவ்வாய், வாகே!

"அஞ்சு நாளைக்கு ஒரு தடவை," என்றார். "ஆத்துல மணல் அள்ளுற முறையும் சந்தை நாள் கணக்குதானே?"

"ஆமா இபு. ஒவ்வொரு நாளுக்கு ஒரு கூட்டம். வாகே யாருதுன்னு ஊருக்கே தெரியும். தாத்தா காலத்திலேருந்து துகிமான் வீட்டோடது!"

நான் எழுந்தேன். என் தலையை வெட்டப் போவதாகச் சொன்னவனின் தலையை முதலில் வெட்டும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

*

துகிமான் தன் வீட்டு முற்றத்தில் புறாக் கூண்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். ஆள் ஒரு மணல் லாரி அளவு. கொஞ்சம் குறைவாகச் சொல்கிறேன்.

"நீதானே அந்த மொட்டை!" என்று பாய்ந்தார். "உன்னால பன்னெண்டு லாரி மணல் ஆத்தோட போச்சு!"

"பன்னெண்டுதானா? நான் நாப்பதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே."

"பாக் துகிமான்," இபு நடுவில் புகுந்தார், "வாகே நாள்ல குருவி உக்காந்தாக்கூட கோடு எழுந்திரிக்கல. வாகே உங்க நாளு. உங்க மருமகன் கம்ப்யூட்டர் படிக்கிறான்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"வாகே என் நாளா? யாரு சொன்னா உங்களுக்கு?"

"ஊருக்கே…"

"வெளியூர்க்காரங்க பழச வச்சுப் பேசுவாங்க. போன நோன்புக்கு முன்னாடி எங்கப்பா மௌத்தானாரு. வாகே நாள்ல. அப்பன் செத்த சந்தை நாள்ல மகன் வேலைய ஆரம்பிக்கலாமா? ஆத்துல கால வச்சா வெளங்குமா? நான் போன் நாளை எடுத்துக்கிட்டு, வாகேயக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?" என்றார் இபு. அவர் குரலில் இருந்ததைப் பார்த்தால், பதில் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"யாருக்கா? மர்சுடிக்கு. அவனும் அவன் சேத்த ஆளுங்களும்தான் இப்ப வாகே கூட்டம். அன்னிக்கு உருண்டது பூரா அவங்க லாரி. பைஜோ யாரு? அவன் டிரைவர்தானே! உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. 'பைஜோன்னு ஒரு டிரைவர்' என்றுதான் எங்கள் மாடியில் அழுதான். வழியில் போன யாரோ ஒருவனைச் சொல்வது மாதிரி.

திரும்பும் வழியில் நான் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் அது மூன்றாவது தடவையாக இருக்கும்.

"இபு, அவன் என் போனை ஓசியில ரிப்பேர் பண்ணிக் குடுத்தான்."

"ஆமா. அவனுக்கு ரிப்பேர் வரும்ன்றதுக்கு நமக்கு இருக்கிற ஒரே சாட்சி நீங்கதான்."

"வாகே கூட்டத்தில இன்னும் ஏழெட்டுப் பேர் இருக்காங்களே. அவங்கள்ல யாராவது…"

"இருக்கலாம்," என்றார். "அதனால ஒரே ஒரு கேள்வி கேப்போம். ரெண்டு பதில்தான் உண்டு. தப்பு பண்ணாதவன் ரெண்டுல ஒண்ணச் சொல்லிடுவான்."

*

ஊர்மன்றத்தில் பாய் விரித்து ஊரே உட்கார்ந்திருந்தது. படிகளில் செருப்புக் குவியல். முன்வரிசையில் சாதிமின், தலை குனிந்து. அவர் தோளில் கையைப் போட்டபடி மர்சுடி. மிஸினெம் பெண்கள் பக்கம். ஊர்த்தலைவர் தொண்டையைச் செருமும்போதே இபு நிங் எழுந்தார்.

"தீர்ப்புக்கு முன்னாடி ஒரு சந்தேகம். மிஸினெம், அன்னிக்கு டீ எப்பக் குடுத்தனுப்பினீங்க?"

"அஸர் பாங்கு கேட்டதும். இந்தக் கையாலதான் சுடி கையில குடுத்தேன்."

"மாஸ் மர்சுடி, டீயோட குடிலுக்குள்ள போனீங்க. அண்ணன் கண்ணு மூடியிருந்தது."

"ஆமா இபு." குரல் உடைந்தது. "அதப் போயி திரும்பத் திரும்பக் கேக்கணுமா? பாவம், அவரு…"

"அவர விடுங்க. அவர் மூஞ்சிக்கு நேரா திரை இருக்கு. நீங்க டீய வைக்கணும்னா திரையத் தாண்டித்தான் கை நீட்டணும். திரையில கோடு எப்படி இருந்தது?"

பெண்கள் பக்கம் மிஸினெம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மர்சுடி கூரையில் பதில் தேடினான். நானும் மனசுக்குள் அவனுக்குப் பதில் தேடினேன். சத்தியமாகத் தேடினேன். 'நிமிர்ந்திருந்தது' என்றால், தானே பார்த்தும் முரசைத் தொடாமல் டீயை வைத்துவிட்டு வந்தவன் ஆகிறான். 'படுத்திருந்தது' என்றால், அண்ணன் சொன்னதுதான் உண்மை. தூங்கினாலும் விழித்தாலும் சாதிமின் குற்றவாளி இல்லை.

"நான்… கவனிக்கல."

"மேல மலையில மேகம் இருட்டிக்கிட்டு வருது. ஆத்துக்குள்ள உங்க லாரி, உங்க டிரைவர் பைஜோ. திரைக்கு ஒரு சாண் தள்ளி நீங்க. கவனிக்கல?"

"உங்க டிரைவரா?" என்று வெளியூரிலிருந்து வந்திருந்த யாரோ கேட்டார்கள். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்று இன்னொருவர். அந்தச் சலசலப்புக்கு நடுவில் இபு படங்களை ஊர்த்தலைவர் கையில் கொடுத்து, சுவர், ராட்சசன், வாகே என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மணல் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் அதிகம் வேண்டாம். வாகே என்றதும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

மர்சுடியின் கை அண்ணன் தோளிலிருந்து நழுவியது.

"குருவின்னு நெனச்சேன் காங்," என்றான். "எப்பப் பாரு குருவிதான். எங்க முறை வர்ற நாள்ல எல்லாம் குருவி. முரசு, ஓட்டம், வெறும் லாரி. எங்க நாள்ல மட்டும் ரெண்டு மீட்டருக்கு மேல போனா வரையாதேன்னு ரெண்டு வரி எழுதினேன். ரெண்டே வரி. நெசமான லஹார் வந்தா மலையே உறுமுமே, நீங்க காதால கேட்டுடுவீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு மழை இரைச்சல். சேறு வந்த பிறகு, மத்தவங்க ஓடிப்போயி பைஜோவத் தூக்கிக்கிட்டிருந்தப்ப… நான் அந்த ரெண்டு வரிய அழிச்சேன்."

"எங்கள எதுக்குடா கூட்டிக்கிட்டு வந்தே?" அடக்க முடியாமல் கேட்டேன்.

என்னைப் பார்க்காமலேயே சொன்னான். "மிஸினெம் அண்ணி போலீசுக்குப் போறேன்னாங்க. வேற ஆளு விசாரிக்கட்டும்னு சமாதானம் பண்ணினேன். வயசானவங்க ரெண்டு பேரு, டீ குடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன்."

வயசு போகட்டும். டீ என்றானே, அது சுட்டது.

சாதிமின் இதுவரை யாரையும் பார்க்கவில்லை. இப்போது நிமிர்ந்து இபு நிங்கைப் பார்த்தார். பரீட்சை முடிவு கேட்கும் பையனைப் போல.

"அப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேனா?"

"முழிச்சுத்தான் இருந்தீங்க பாக். நல்லா முழிச்சிருந்தீங்க."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்திலேயே அதன் பின்னால் வேறொன்றும் வந்தது. தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நீ டீய வைக்கும்போது நான் உங்கிட்டப் பேசினேன்ல? மழை ஜாஸ்தியா இருக்கு, லாரிய மேல ஏத்திடச் சொல்லுன்னு?"

மர்சுடி பாயின் நாரைப் பிய்த்தான்.

"பேசினேன்ல சுடி?"

"பேசினீங்க காங்."

"அத நான் கனவுன்னு நெனச்சேன்." சாதிமின் மிக மெதுவாகச் சொன்னார். "ராத்திரி ராத்திரி உக்காந்து, அது கனவுதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நீ பொய் சொல்லமாட்டேன்னு, என் கண்ண நான் பொய்யாக்கினேன்."

மர்சுடி அவர் முழங்காலைப் பிடிக்கக் குனிந்தான். சாதிமின் தள்ளவில்லை, திட்டவில்லை. காலை மடக்கி, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். அறைந்திருந்தால்கூட அந்தச் சத்தம் கேட்டிருக்காது.

ஊர்த்தலைவர் குடிலின் சாவியைச் சாதிமின் கையில் வைத்தார். மர்சுடியைப் பற்றிப் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். கூட்டம் கலைந்தது. படியில் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் மர்சுடியின் ஜோடி மட்டும் கிடந்தது. இந்த ஊரில் ஒருவர் செருப்பை இன்னொருவர் திருப்பி வைத்துக் கொடுப்பது வழக்கம். அன்று யாரும் குனியவில்லை. நானும் குனியவில்லை.

விடைபெற்றுக்கொள்ள நாங்கள் குடிலுக்குப் போனபோது வெயில் இன்னும் மலை உச்சியில் மிச்சமிருந்தது. சாதிமின் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். திரை அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிர, அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்," என்றேன், ஏதாவது சிரிக்க வைக்கலாம் என்று, "கிராஃப் அந்தப் பக்கம்."

"தெரியும்," என்றார் அவர், திரும்பாமல். "இனிமே ஆத்தப் பாத்து எனக்கு யாரும் சொல்ல வேணாம்."